அமெரிக்க பிரீகால்குலஸும் நம்ம பிளஸ் ஒன் கணக்கும் ஒண்ணுதானா?

திருநகர்_டியூஷன்:

எல்லாருக்கும் வணக்கம். திருநகரில் வீட்டு மாடியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். டல்லாஸில் இருக்கும் நம்ம ஊர்க் குடும்பம் ஒன்று தங்கள் பெண்ணுக்கு ஆன்லைனில் சொல்லித்தரக் கேட்டார்கள். பாடத்தின் பெயர் பிரீகால்குலஸ். நுண்கணிதம் தொடங்குவதற்கு முந்தைய வருடம் படிப்பது.

அவர்கள் அனுப்பிய பாடப்பட்டியலைப் பார்த்ததும், "அட, நம்ம பதினொன்றாம் வகுப்பு முதல் தொகுதிதானே இது" என்றுதான் தோன்றியது. சார்புகள், பல்லுறுப்புக் கோவை, விகிதமுறு சார்பு, அடுக்குக்குறி, மடக்கை, முக்கோணவியல், தொடர்முறைகள், ஈருறுப்புத் தேற்றம், கடைசியில் கொஞ்சம் வெக்டரும் அணியும். நம்மிடம் பிளஸ் டூவுக்குப் போய்விட்ட கலப்பெண், நேர்மாறு முக்கோணவியல், நீள்வட்டம், அதிபரவளையம் எல்லாம் அந்தப் பட்டியலில் இந்த வருடமே இருக்கின்றன. போலார் ஆயத்தொலைவு (ஒரு புள்ளியைத் தூரமும் கோணமும் வைத்துக் குறிப்பது) மட்டும் நம் பிள்ளைகளுக்குப் புதுசு.

ஆனால் வகுப்பு ஆரம்பித்ததும் வேறு மாதிரி இருக்கிறது. முதல் வீட்டுப்பாடமே சமன்பாடு இல்லாத ஒரு வரைபடம். எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே ஏற்றத்தின் வேகம் குறைகிறது, வலப்பக்கம் வெகுதூரம் போனால் என்ன ஆகும் என்று வாக்கியமாக எழுத வேண்டும். 2(எக்ஸ் − 3)² + 1 என்று கொடுத்தால் அந்தப் பெண் பேனாவைத் தொடாமலே, "பரவளையம் வலப்பக்கம் 3 தள்ளி, மேலே 1 ஏறி, ரெண்டு மடங்கு நீண்டு நிற்கும்" என்கிறாள். என் மாடி வகுப்பில் அதே கேள்வியைக் கொடுத்தேன். நல்லாப் படிக்கிற பையன்கள் எல்லாரும் அடைப்பைப் பிரித்து, அட்டவணை போட்டு, புள்ளி வைத்து வரைந்தார்கள். சரியாகத்தான் வரைந்தார்கள். ஆனால் அடுத்ததாக 3-ஐ 5 ஆக்கினால் என்ன ஆகும் என்றால் மறுபடியும் அட்டவணை!

அதே பெண்ணிடம் ஒரு முக்கோணவியல் முற்றொருமையை நிறுவச் சொன்னால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுகிறாள். நம்ம பசங்க கண்ணை மூடிக்கொண்டு முடிப்பார்கள்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? எதற்கு எடை கொடுத்துச் சொல்லித்தர வேண்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

டல்லாஸ்_உசிலை:

சார், நானும் அந்தப் பக்கம்தான் இருக்கேன், பூர்வீகம் உசிலம்பட்டி. இங்கே நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம் கிடையாது, அதை முதலில் மனதில் வையுங்கள். வழக்கமான வரிசை இதுதான்: அல்ஜீப்ரா ஒன்று, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா இரண்டு, பிரீகால்குலஸ், கால்குலஸ். எந்த வகுப்பில் எது என்பது பிள்ளையைப் பொறுத்தது. என் மகள் பத்தாவதிலேயே பிரீகால்குலஸ் எடுத்தாள். பதினொன்றிலோ பன்னிரண்டிலோ எடுப்பவர்களும் நிறைய.

அந்தப் பெண் எடுப்பது சாதாரண பாடமா, ஏபி பிரீகால்குலஸா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றில்லை. ஏபி என்பது பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடம், எஸ்ஏடி தேர்வு நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துவது. 2023-24 கல்வியாண்டில்தான் இந்தப் பாடத்தைக் கொண்டுவந்தார்கள், முதல் தேர்வு 2024 மே மாதம். நாலு பகுதி. பல்லுறுப்பு, விகிதமுறு சார்புகள் ஒன்று. அடுக்குக்குறி, மடக்கை ஒன்று. முக்கோணவியல், போலார் ஒன்று. நாலாவதில் வெக்டர், அணி, கூம்பு வளைவு எல்லாம் இருந்தாலும் அது தேர்வுக்கு வராது, பள்ளி விருப்பப்பட்டால் நடத்தலாம். நீங்கள் சொல்லும் அந்த வாக்கியக் கேள்வியைப் பார்த்தால் ஏபி மாதிரிதான் தெரிகிறது. மாறும் வீதம் பற்றித்தான் அதில் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

கால்குலேட்டர் வரைபடம் போடும் ரகம். டிஐ-84 என்று ஒன்று, விலையைக் கேட்டால் தலை சுற்றும். டெஸ்மாஸ் என்று இணையத்தில் இலவசமாக இருக்கிறது, அதையே பிள்ளைகள் அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

மேலூர்_வாத்தியார்:

முப்பது வருடத்துக்கு மேல் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன். டியூஷன் தம்பி, அந்தப் பெண் செய்வது நம்ம புத்தகத்தில் இல்லை என்று நினைக்கிறீர்களா? பதினொன்றாம் வகுப்பு முதல் பாடத்தைத் திறந்து கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். 2018-இல் வந்த புதுப் புத்தகத்தில் சார்பின் வரைபடத்தை நகர்த்துவது, பிரதிபலிப்பது, நீட்டுவது, சுருக்குவது எல்லாம் படம் போட்டு வைத்திருக்கிறார்கள். அருமையான பகுதி. அதை நடத்துகிறோமா என்பதுதான் கேள்வி.

நடத்துவதில்லை. கணங்கள், சமானத் தொடர்பு, ஒன்றுக்கு ஒன்றா மேற்கோர்த்தலா என்று சரிபார்ப்பது, இவற்றோடு பாடத்தை மூடிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். வரைபடம் வரைந்தால் நேரம் ஆகும், மதிப்பெண் போடுவதற்கும் வாகாக இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிளஸ் ஒன் என்ற வகுப்பே நம் ஊரில் நடுவில் மாட்டிக்கொண்ட வகுப்பு. பொறியியல் கலந்தாய்வுக்கான கட்ஆஃப் 200-ம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான். அதில் கணக்கு மட்டும் 100, இயற்பியலும் வேதியியலும் 50, 50. அப்புறம் பதினொன்றாம் வகுப்பை யார் மதிப்பார்கள்? ஜூனிலேயே பிளஸ் டூ புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடும் தனியார் பள்ளிகளை எல்லாருக்கும் தெரியும். அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-26-இலிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அழுத்தம் குறைந்தது நல்லதுதான், நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் அந்த வருடம் முழுசும் பறிபோகாமல் யார் பார்த்துக்கொள்வது?

டல்லாஸ் பிள்ளைக்கு பிரீகால்குலஸ் ஒரு முழு வருடம். நம் பிள்ளைக்கு அதே பாடம் ஆறு மாதம், அதுவும் அரைகுறை.

கோச்சிங்_கோரிப்பாளையம்:

ஐயா சொல்வதில் பாதி சரி. ஆனால் அமெரிக்கப் பாடத்தைப் பெரிதாகத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். எங்கள் ஜேஇஇ பேட்ச் பையன்கள் பதினொன்றாம் வகுப்பு நடுவிலேயே எல்லை (லிமிட்), வகையிடல் முடித்துவிடுகிறார்கள். மாநிலப் பாடத்திலும் சிபிஎஸ்இயிலும் அதே வருடம் எல்லை வந்துவிடுகிறது. அங்கே கையில் வரைபடக் கால்குலேட்டர் வைத்துக்கொண்டு "கோடு ஏறுது, இறங்குது" என்று கட்டுரை எழுதுகிறார்கள். இதில் என்ன கணக்கு இருக்கிறது?

புதூர்_பிளஸ்ஒன்:

நான் பிளஸ் ஒன் படிக்கிறேன், தமிழ் மீடியம். பெரியவங்க பேசுறப்ப குறுக்கே வர்றேன், மன்னிச்சுக்கங்க. எனக்கு ஒரு சந்தேகம். இந்த ரேடியன் எதுக்கு? டிகிரியே நல்லாத்தானே இருக்கு? 180 டிகிரி என்றால் பை என்று மாத்தி மாத்திப் போடுறதைத் தவிர அதில் எதுவும் புரியல. சார்கிட்ட கேட்டா "மேல் படிப்புக்கு வேணும்"னு சொல்லிட்டார்.

முதலாண்டு_மேத்ஸ்:

தம்பி, நல்ல இடத்தில் கேட்டாய். மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு கணிதம் எடுக்கிறேன். உன் கேள்விக்குப் பதில் தெரியாமலே வகையிடலை முடித்துவிட்டு எங்களிடம் வரும் பிள்ளைகள்தான் அதிகம்.

சைக்கிள் சக்கரத்தை எடுத்துக்கொள். ஆரம் 33 சென்டிமீட்டர் என்று வை. சக்கரம் ஒரு ரேடியன் சுற்றினால் சைக்கிள் சரியாக 33 சென்டிமீட்டர் முன்னே போகும். இரண்டு ரேடியன் என்றால் 66. சுற்றிய கோணத்தை ஆரத்தால் பெருக்கினால் போன தூரம். வேறு எந்த எண்ணும் நடுவில் வேண்டாம். இதையே டிகிரியில் செய்து பார், ஒவ்வொரு முறையும் பை வகுத்தல் 180 என்று ஒன்று கூடவே ஒட்டிக்கொண்டு வரும். வட்டத்தை 360 ஆகப் பிரித்தது மனிதர்கள் வைத்த வசதி. ஆரத்தால் வில்லை அளப்பது வட்டத்துக்குள்ளேயே இருக்கும் அளவு.

இதனால் என்ன லாபம்? கால்குலேட்டரை ரேடியனில் வைத்து சைன் 0.1 போடு, 0.0998 வரும். சைன் 0.01 போடு, 0.0099998. கோணம் சின்னதாக ஆக ஆக சைனும் கோணமும் ஒன்றாகிக்கொண்டே வருகின்றன. டிகிரியில் சைன் 1 போட்டால் 0.01745. இந்த 0.01745 வேறு எதுவும் இல்லை, பை வகுத்தல் 180-தான். இரண்டாம் தொகுதியில் சைனை வகையிட்டால் கோசைன் என்று படிப்பாய். அது ரேடியனில் மட்டும்தான் அத்தனை சுத்தமாக வரும்.

நம்ம ஆரியபட்டர் இதைத் தெரிந்தேதான் அட்டவணை போட்டார் என்று எனக்கு எப்போதும் தோன்றும். 499-இல் எழுதிய நூலில் ஆரத்தை 3438 என்று வைக்கிறார். ஏன் அந்த விநோதமான எண்? வட்டச் சுற்றளவு 21600 கலை (ஒரு டிகிரிக்கு 60 கலை). அதை இரண்டு பையால் வகுத்தால் கிட்டத்தட்ட 3438. அதாவது வில்லை அளந்த அதே அலகில் ஆரத்தையும் அளக்கிறார். அதனால் அவர் அட்டவணையின் முதல் வரியில் 225 கலை வில்லுக்கு அரை நாணும் (அதுதான் அவருடைய சைன்) 225 என்றே வருகிறது! சின்னக் கோணத்தில் சைனும் கோணமும் ஒன்று என்பது அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

கோச்சிங் சார், உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பையன்கள் வேகமானவர்கள்தான். ஆனால் முதல் செமஸ்டரில் நாங்கள் பார்க்கும் தவறுகள் வகையிடலிலோ தொகையிடலிலோ இல்லை. எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலம் எக்ஸ் என்று எழுதுவது. பின்னத்தின் கீழே, பகுதியில் இருக்கும் கூட்டலைப் பிய்த்து இரண்டு பின்னம் ஆக்குவது. கூட்டலின் மடக்கையை மடக்கைகளின் கூட்டல் ஆக்குவது. (எக்ஸ்² − 4) ÷ (எக்ஸ் − 2) என்பதை எக்ஸ் + 2 என்று சுருக்கிவிட்டு, எக்ஸ் 2 ஆக இருக்கும்போது அந்த இடத்தில் ஓர் ஓட்டை இருப்பதை மறந்துவிடுவது. அந்த ஓட்டைதான் எல்லை என்ற பாடத்துக்கே வாசல். இவையெல்லாம் நுண்கணிதத்துக்கு முந்தைய வருடத்தின் பாக்கி.

கோச்சிங்_கோரிப்பாளையம்:

தவறு செய்வது நன்றாகப் படிக்காதவர்கள் மேடம். அதற்குப் பாடத்திட்டத்தைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

முதலாண்டு_மேத்ஸ்:

190-க்கு மேல் கட்ஆஃப் வைத்திருப்பவர்கள் சார்.

திருநகர்_டியூஷன்:

புதூர்த் தம்பி கேட்டதற்கு என் வகுப்பிலிருந்தே ஓர் உதாரணம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு சைன் வளைவு வைத்து ஏதாவது நிஜமான ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது. அவர்கள் புத்தகத்தில் ராட்டினமும் கடல் ஓதமும் இருந்தன. டல்லாஸில் கடல் இல்லை, மதுரையிலும் இல்லை. அதனால் பகல் நீளத்தை எடுத்தோம். அவள் ஊரில் சூரியன் எத்தனை மணி நேரம் இருக்கிறது, என் ஊரில் எத்தனை மணி நேரம்.

மதுரையில் ஜூன் 21 வாக்கில் பகல் 12 மணி 42 நிமிடம். டிசம்பர் 21 வாக்கில் 11 மணி 32 நிமிடம். நடுக்கோடு 12 மணி 7 நிமிடம், அதாவது 727 நிமிடம். அதற்கு மேலேயும் கீழேயும் 35 நிமிட வீச்சு. காலம் 365 நாள். மார்ச் 21 வருடத்தின் 80-ஆவது நாள், அன்று வளைவு நடுக்கோட்டைத் தாண்டி மேலே ஏறுகிறது. ஆக,

பகல் நீளம் = 727 + 35 × சைன்(2பை × (நாள் − 80) ÷ 365)

டல்லாஸ் நமக்கு வெகு வடக்கே, ஏறக்குறைய 33 டிகிரி அட்சரேகை. நாம் 10 டிகிரிக்கும் சற்றுக் குறைவு. அங்கே ஜூனில் 14 மணி 19 நிமிடம், டிசம்பரில் 10 மணி நேரம்தான். கணக்குப் போட்டால் நடுக்கோடு ஏறக்குறைய 729, வீச்சு 130. மற்றதெல்லாம் அப்படியே. ஒரே சூத்திரத்தில் ஓர் எண்ணை மாற்றினால் ஊர் மாறுகிறது! நம் ஊரில் பகல் கூடுவதும் குறைவதும் ஏன் யாருக்கும் உறைப்பதில்லை, அங்கே ஏன் ஜூனில் இரவு எட்டரைக்கும் வெளிச்சம் இருக்கிறது என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. (அதில் ஒரு மணி நேரம் கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைப்பதால் வருவது, அது தனிக் கதை.)

அப்புறம் அவளே கேட்டாள்: பகல் எப்போது வேகமாகக் கூடுகிறது? வரைபடத்தைப் பார்த்தால் தெரிகிறது, மார்ச்சில் வளைவு செங்குத்தாக ஏறுகிறது, ஜூனில் மேலே தட்டையாகிவிடுகிறது. எவ்வளவு வேகம்? வீச்சை 2பை ÷ 365 ஆல் பெருக்கினால் போதும். டல்லாஸில் ஒரு நாளைக்கு 2 நிமிடத்துக்கு மேல். மதுரையில் 36 நொடி. வகையிடல் படிக்காத பெண் வகையிடலைக் கேட்டுவிட்டாள். தம்பி, இங்கேதான் மேடம் சொன்ன ரேடியன் வருகிறது. கோணம் ரேடியனில் இருந்தால்தான் அந்தப் பெருக்கல் சரி.

கால்குலேட்டரை டிகிரியில் வைத்து இதே சூத்திரத்தைப் போட்டாள் ஒரு முறை. மார்ச்சில் கிளம்பிய கோடு அடுத்த மார்ச் வரை சும்மா ஏறிக்கொண்டே போய், மொத்தம் நாலு நிமிடத்தைக்கூடத் தொடவில்லை. மதுரையில் குளிர்காலமே இல்லை என்று சிரித்தாள். அது என்னவோ உண்மைதான்!

இதே எண்களை மாடி வகுப்பிலும் கொடுத்தேன். சைன் வளைவு என்றால் முற்றொருமை என்று நினைத்திருந்த பையன்கள் நாட்காட்டியில் சூரிய உதயம், அஸ்தமனம் பார்த்துச் சரிபார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சங்கிலி_சர்வே:

நில அளவைத் துறை. ஒரு சின்னச் சேர்க்கை. பத்தாம் வகுப்பில் ஏற்றக்கோணம் வைத்து உயரம் கண்டுபிடிக்கச் சொல்வார்கள், எப்போதும் செங்கோண முக்கோணம். ஒத்தக்கடையில் நின்று யானைமலை உச்சியைப் பாருங்கள், அடிவாரத்தில் உச்சிக்கு நேர் கீழே போய் நாடா பிடிக்க முடியுமா? மேலூர் ரோட்டில் இரண்டு இடம் குறித்து, நடுவில் உள்ள தூரத்தை அளந்து, இரண்டு முனையிலும் உச்சி இருக்கும் திசையின் கோணத்தை எடுத்தால் சைன் விதி மீதியைச் சொல்லிவிடும். அப்புறம் ஏற்றக்கோணம், டேன், முடிந்தது. இந்த விதி பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறது, பிரீகால்குலஸிலும் இருக்கும்.

1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரிய முக்கோணவியல் அளவை முழுசும் இந்த ஒரு விதியின் மேல்தான் போனது. இடையிடையே சில அடிக்கோடுகளை மட்டும் அளந்துவிட்டு மற்றதையெல்லாம் கோணத்தால் கட்டினார்கள். சமவெளியில் குன்று இல்லாத இடத்தில் கோயில் கோபுரத்தில் ஏறினார்கள். 1808-இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும் கருவியை மேலே இழுக்கும்போது இடித்துக்கொண்டு, அதைச் சீர்செய்ய லாம்டன் பட்டபாடு பெரும்பாடு. இப்போது எங்களிடம் டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் விடை. உள்ளே ஓடுவது அதே கணக்குத்தான்.

சிம்மக்கல்_கணக்கு:

மடக்கையைப் பற்றி யாரும் பேசலையே. எங்கள் கடையில் வேலைக்கு வரும் பட்டதாரிப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பேன். ரெண்டு வட்டிக்கு வாங்கின பணம், அதாவது மாசம் நூத்துக்கு ரெண்டு ரூபாய். வட்டி கட்டாமல் விட்டு, வட்டிக்கு வட்டி ஏறினால் எப்போது இரட்டிக்கும்? எல்லாரும் 50 மாசம் என்பார்கள். அது தனி வட்டி. கூட்டு வட்டியில் 35 மாசம்தான். 1.02-ஐ எத்தனை முறை தன்னோடு பெருக்கினால் 2 வரும் என்பதுதான் கேள்வி. 2-இன் மடக்கையை 1.02-இன் மடக்கையால் வகுத்தால் 35. மூணு வட்டி என்றால் 24 மாசத்துக்குள் இரட்டித்துவிடும். இது தெரிந்திருந்தால் பாதிப் பேர் அந்தக் கடனை வாங்கியிருக்கவே மாட்டார்கள்.

புதூர்_பிளஸ்ஒன்:

அண்ணே, எங்களுக்கு மடக்கைன்னா விதியை வைச்சு சுருக்குறது மட்டும்தான். பரீட்சையில் கால்குலேட்டர் கிடையாது, அதனால விடை அழகான எண்ணா வர்ற மாதிரிதான் கேட்பாங்க. 35 மாசம்னு எல்லாம் யாரும் கேட்டதில்ல.

மேலூர்_வாத்தியார்:

அந்தக் காலத்தில் எங்களுக்கு கிளார்க் அட்டவணை இருந்தது தம்பி. மடக்கையைப் பார்த்து, கூட்டி, எதிர்மடக்கை பார்த்து, விடையைக் கொண்டுவருவோம். கை ஒடியும். ஆனால் மடக்கை என்பது ஓர் எண், அதற்கு ஒரு மதிப்பு உண்டு என்பதாவது தெரிந்திருந்தது. இப்போது அட்டவணையும் போயிற்று, கால்குலேட்டரும் உள்ளே வரவில்லை. நடுவில் விதி மட்டும் நிற்கிறது.

கோச்சிங் தம்பி "ஏறுது, இறங்குது என்று கட்டுரை எழுதுகிறார்கள்" என்றார். 1.02-இன் அடுக்கு எப்படி ஏறும், நேர்கோடு எப்படி ஏறும், இரண்டும் எங்கே பிரியும் என்று ஒரு பையன் நாலு வாக்கியம் எழுதிவிட்டால் நான் அவனுக்கு முழு மதிப்பெண் போடுவேன். அதைச் சொல்லத் தெரியாமல் வகையிட்டு என்ன செய்யப் போகிறான்?

வாடிப்பட்டி_அம்மா:

என் மகள் இந்த வருடம் பிளஸ் ஒன் போகிறாள், கணிதம் கணினி அறிவியல் குரூப். பள்ளியில் முதல் வாரமே பன்னிரண்டாம் வகுப்புக் கைடு வாங்கச் சொல்லிவிட்டார்கள். நான் பத்தாவது வரைதான் படித்தவள், இங்கே எழுதியிருப்பது பாதிதான் புரிந்தது. வீட்டில் நான் என்ன செய்ய முடியும்? செல்போன் ஒன்றுதான் இருக்கிறது.

முதலாண்டு_மேத்ஸ்:

அக்கா, அந்த ஒரு செல்போன் போதும். பதினொன்றாம் வகுப்பு இரண்டு தொகுதியும் தமிழிலேயே அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், இறக்கி வையுங்கள். முதல் பாடத்தின் கடைசிப் பகுதி, இரண்டாவது பாடமான அடிப்படை இயற்கணிதம், மூன்றாவதான முக்கோணவியல், இந்த மூன்றையும் அவள் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் நிதானமாகப் போட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். டெஸ்மாஸில் சமன்பாட்டை அடித்தால் படம் வந்துவிடும். முதலில் தாளில் கையால் வரைந்து, அப்புறம் போனில் சரிபார்க்கச் சொல்லுங்கள். முதலிலேயே போனைப் பார்த்தால் பயனில்லை. நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, விடுமுறையில் ஒரு நாள் கூட்டிப் போங்கள். மாணவர்களுக்குத் தனி இடம் உண்டு, கணக்குப் புத்தகங்களும் உண்டு.

பள்ளியில் பிளஸ் டூ கைடு வாங்கச் சொன்னால் வாங்கி வையுங்கள், சண்டை வேண்டாம். திறக்காமல் இருந்தால் போதும்.

டல்லாஸ்_உசிலை:

மேடம் சொன்ன கடைசி வரிக்காகவே இந்த இழையை என் மனைவிக்கு அனுப்பிவிட்டேன் :)

டியூஷன் சாருக்கு ஒன்று: கூம்பு வளைவு, அணி இவற்றில் நேரத்தைப் போடாதீர்கள். ஏபி என்றால் தேர்வுக்கு வேண்டாம், கல்லூரியில் தேவைப்பட்டால் அப்போது படிக்கலாம். போலார் மட்டும் விடாதீர்கள், மூன்றாவது பகுதியில் கட்டாயம் வரும். ரோஜா இதழ் மாதிரி வளைவு வரைவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கோச்சிங்_கோரிப்பாளையம்:

சரி, ஒப்புக்கொள்வதாக இல்லை, ஆனால் ஒரு சோதனை வைக்கலாம். மேடம், உங்கள் முதலாமாண்டு பிள்ளைகள் தடுமாறும் ஒரு சின்னக் கேள்வி கொடுங்கள். என் பேட்ச்சில் நாளைக்கே கேட்டுப் பார்க்கிறேன்.

முதலாண்டு_மேத்ஸ்:

எஃப் என்ற சார்பு: எக்ஸைக் கொடுத்தால் அதன் வர்க்கமூலம் தரும். ஜி என்ற சார்பு: எக்ஸைக் கொடுத்தால் வர்க்கம் தரும். முதலில் எஃப், பிறகு ஜி செய்தால் கிடைப்பது ஒரு சார்பு. முதலில் ஜி, பிறகு எஃப் செய்தால் இன்னொன்று. இரண்டின் வரைபடத்தையும் வரைய வேண்டும். கணக்கு அவ்வளவுதான். கால்குலேட்டர் வேண்டாம்.

புதூர்_பிளஸ்ஒன்:

மேடம், வர்க்கமூலமும் வர்க்கமும் ஒன்றையொன்று அடிச்சுக்கும். ரெண்டுமே எக்ஸ்தானே? ஒரே நேர்கோடு.

மேலூர்_வாத்தியார்:

தம்பி, −3 போட்டுப் பார். இரண்டிலும்.

புதூர்_பிளஸ்ஒன்:

முதல்ல வர்க்கமூலம்னா −3 உள்ளேயே போகாது. அப்ப முதல் படம் வலது பக்கப் பாதி மட்டும், பூஜ்யத்திலிருந்து 45 டிகிரியில் மேலே போற கோடு. ரெண்டாவதுல −3 போட்டா வர்க்கம் 9, அதோட மூலம் 3. −3 இல்ல. அப்ப இடது பக்கமும் மேலேதான் போகுது. வி வடிவம். இது மட்டுச் சார்பு படம்ல, புத்தகத்துல இருக்கு!

முதலாண்டு_மேத்ஸ்:

சரி. முதல் படத்தில் 45 டிகிரி என்றாயே, அதைச் சாய்வு 1 என்று எழுது. சார்பகத்தை, அதாவது எந்த எக்ஸ் எல்லாம் உள்ளே போகலாம் என்பதை, பக்கத்தில் குறித்துவிடு. கோச்சிங் சார், உங்கள் பேட்ச் முடிவை இங்கேயே போடுங்கள்.

கோச்சிங்_கோரிப்பாளையம்:

கேட்டேன். நாற்பது பேரில் பாதிக்கு மேல் ஒரே நேர்கோடு. அடுத்த வாரம் முதல் பாடத்தின் வரைபடப் பகுதியை நடத்தப் போகிறேன். டியூஷன் சார், அந்தப் பகல் நீளக் கணக்கின் எண்களை நான் எடுத்துக்கொள்ளலாமா?

திருநகர்_டியூஷன்:

தாராளமாக. டல்லாஸுக்குப் பதிலா ஸ்ரீநகரை வைத்துப் போடுங்கள், 34 டிகிரி, கிட்டத்தட்ட அதே வீச்சு வரும்.